கரன்ட் வைக்கிற பொண்ணுக்கே இடுப்பு வலியாம்

மந்தைவெளியில் குடியிருந்துகொண்டு மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் என்று ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியின் கதை இது. எழுதுகிறவளும் அவள்தான். 'நான்' என்று ஆரம்பித்தால் நாலாவது வரியிலேயே புலம்பலாகிவிடுகிறது. மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் 'அவள்' என்று எழுத உட்கார்ந்தாள். தன்னைப் பற்றித்தானே, அதனால் 'அவர்' கிடையாது.

2019 ஜூன் மாதத்தைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, தெருமுனையில் லாரி வந்து நின்றால் குடத்தோடு ஓட வேண்டியிருந்த மாதம். அன்றைக்குக் காலையில் எட்டுக் குடம் தண்ணீரை இரண்டாவது மாடிக்கு ஏற்றிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. ஒன்பதிலிருந்து இரண்டு வரை தி. நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. அதற்குப் பிறகு வீடுகள். மூன்றரை மணிக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம், பக்கவாதம் வந்து எட்டு மாதமான ஒரு மாமா. வலது பக்கம் வராது. எடை 78 கிலோ.

கட்டிலில் உட்கார வைத்துக் கையை அசைத்துக்கொண்டிருக்கும்போது மாமா, "பாத்ரூம் போகணும்மா" என்றார். அட்டெண்டர் பையன் லாரித் தண்ணீருக்காகக் கீழே போயிருந்தான். "செத்த இருங்கோ, அவன் வந்துடட்டும்" என்றார் மாமி. மாமாவால் இருக்க முடியவில்லை. அலமாரியில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் நியூ ஜெர்சியிலிருந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காலை ஆறு மணி. தினமும் அந்த நேரத்துக்கு காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவள் தூக்கி நிறுத்தினாள். கமோடு நாற்காலி பக்கம் திருப்பும்போது மாமாவின் வலது முட்டி மடங்கியது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, தன் பக்கம் இழுத்து, இடுப்பைத் திருகிக்கொண்டே உட்கார வைத்துவிட்டாள். விழவில்லை. "சூப்பர் மேடம்!" என்றார் மகன். சத்தம் எதுவும் கேட்கவில்லை, 'சுருக்' என்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அடையாறில் இன்னும் இரண்டு வீடு பார்த்துவிட்டு, திரு.வி.க. பாலத்தில் நெரிசலில் நின்று நின்று வீடு வந்தாள். ராத்திரி ஒன்றரை மணிக்குப் புரண்டு படுக்கப் போனபோதுதான் முடியாது என்று தெரிந்தது.

முட்டி மடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது பிசியோ படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பிடித்துத் தூக்கக் கூடாது. நோயாளியைத் தன் தொடையோடு ஒட்டி, மெதுவாகத் தரையில் சரிய விட வேண்டும். அவளும் ஜூனியர்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்திருக்கிறாள். ஆனால் தரையில் விட்டால் மாமி அலறுவார், மகன் பார்த்துக்கொண்டிருக்கிறார், மறுநாள் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். ஒரு விசிட்டுக்கு 500 ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள். அந்த அரை விநாடியில் கணக்குப் போட்டது மூளையா, பர்ஸா என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை.

கணக்கு என்றால் இதுவும் கணக்குதான். முதுகைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தண்டுவட டிஸ்க்கின் நடுவிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. கையை நீட்டி ஒரு பாரத்தைப் பிடித்தால் அது ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது கையில் 10 கிலோ என்றால் முதுகுத் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷில் இருந்த தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு 2007-இல் ஒரு வரம்பு சொன்னார்: 16 கிலோ. அதுவும் எல்லாம் வசதியாக அமைந்தால். ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் இயந்திரம் வேண்டும் என்றார். அந்த இயந்திரத்தை, ஹாய்ஸ்ட் என்பதை, அவள் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தாள். தி. நகர் மருத்துவமனையில் ஐ.சி.யூ.விலிருந்து வெளிவரும் பதினோரு பேரைக் காலையில் எழுப்பி நிறுத்துவதற்கு இருந்த ஒரே இயந்திரம் அவள்.

படிக்கிறவர்கள் மாமாவைத் தூக்கியதைத்தான் அவளுடைய பெரிய தவறு என்று நினைப்பார்கள். அதற்கு ஆகியிருக்கக்கூடிய விலை ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். பெரிய தவறு நாலாம் நாள் நடந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாள்.

ஏன் போனாள்? கால் மரத்துப் போகவில்லை. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் இல்லை. உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறையவில்லை, பாதம் தொங்கவில்லை, காய்ச்சல் இல்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், அதில் பேச்சே கிடையாது. புற்றுநோய் வந்தவர்களும், காரணமில்லாமல் எடை குறைகிறவர்களும் அப்படித்தான். இவளுக்கு எதுவும் இல்லை. வேலை பார்த்த இடத்தில் ஒரு எலும்பு டாக்டர் நடைபாதையில் பார்த்து, "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடு" என்றார். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது, ஸ்டாஃப் தள்ளுபடி போக.

ரிப்போர்ட்டில் எல்-4 எல்-5 டிஸ்க் பல்ஜ், நீர்ச்சத்து குறைவு என்று இருந்தது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய பிரின்ஜிக்ஜி குழுவின் ஆய்வு 2015-இல் வந்தது. முப்பது வயதில் நூற்றுக்கு 40 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது, ஐம்பதில் 60 பேருக்கு, எண்பதில் 84 பேருக்கு. ஒருத்தருக்கும் வலி கிடையாது. தலை நரைப்பது மாதிரி அதுவும் ஒரு நரை. இந்தப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, நோயாளிகளிடம் காட்டுவதற்கென்றே பையில் வைத்திருந்தாள். தன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பையைத் திறக்கத் தோன்றவில்லை. 32 வயதில் முதுகு போய்விட்டது என்றுதான் தோன்றியது.

"ஆறு வாரம் படுக்கை, பெல்ட் போட்டுக்கோ, சரியாகலைன்னா ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். பெயர் வேண்டாம். அவருடைய பிள்ளைக்குத் தோள் இறங்கியபோது மூன்று மாதம் பைசா வாங்காமல் எக்சர்சைஸ் சொல்லித் தந்தவள் இவள்தான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறாள்.

ஐந்து வாரம் படுத்தாள். இதைச் சொல்லும்போது இப்போதும் காது சுடுகிறது. இறுதியாண்டில் அவள் செமினார் எடுத்த தலைப்பே முதுகு வலிக்குப் படுக்கை ஓய்வு கூடாது என்பதுதான். ரிச்சர்ட் டேயோவின் 1986-ஆம் ஆண்டு ஆய்வு: ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள் வேலைக்கு மட்டம் போட்டது 45 சதவீதம் குறைவு. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து 1995-இல் வந்த ஆய்வு: படுத்தவர்களையும் தனியாகப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அன்றைக்கு வகுப்பில் கைதட்டல் வாங்கினாள். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த ஐந்து வாரத்தில் அந்தக் கைதட்டல் அடிக்கடி ஞாபகம் வந்தது.

அம்மா அமிர்தாஞ்சன் தேய்த்தார். பக்கத்து வீட்டு அக்கா, கால் முன்னால் வந்து பிறந்தவர் ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். சித்தப்பா புத்தூர்க் கட்டுக்குப் போகலாம் என்றார், எலும்பு முறியாதபோது எதைக் கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் பேச்சு ஒன்றுதான்: "கரன்ட் வைக்கிற பொண்ணுக்கே இடுப்பு வலியாம், ஜவ்வு விலகிடுச்சாம்." நாலரை வருஷப் படிப்பு படித்தவளுக்குச் சென்னையில் உள்ள பட்டம் 'கரன்ட் வைக்கிற பொண்ணு'. அது வேறு கட்டுரை.

மருத்துவமனை என்ன செய்தது? "இங்கேதான் ஆச்சுன்னு எப்படிம்மா சொல்றே?" என்று கேட்டது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனது மாட வீதிப் பக்கம், வெளி வேலையில். ஆனாலும் மூன்று வருஷமாகப் பதினோரு பேரைத் தினமும் தூக்கிய முதுகுக்கு ஒரு மாதச் சம்பளம் தரலாம் என்று அவளுக்குத் தோன்றியது, இன்னும் தோன்றுகிறது. சம்பளமில்லா விடுப்பு, அப்புறம் அந்த இடத்துக்கு இன்னொரு பெண். இதில் அவளுடைய அசட்டுத்தனமும் உண்டு. சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுப் பணம், பிடித்தார்கள். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். சந்தா நாட்கள் சரியாக இருந்தால், வேலையில் அடிபட்டதாக நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல், சாதாரண நோய் விடுப்புக்கே 70 சதவீதச் சம்பளத்தை வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சம்பளச் சீட்டை அவள் மின்சாரக் கட்டண ரசீதுகளோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தாள். நீங்களும் பிசியோ என்றால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

எழுந்த பிறகு பெல்ட். ஆறு மாதம். சுடிதார் டாப்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, உள்ளே மறைத்துக் கட்டிக்கொண்டு வீட்டு விசிட்டுக்குப் போனாள். 'பிசியோவுக்கே முதுகு வலின்னா நமக்கு என்ன செய்யப் போறா' என்று நினைத்துவிடுவார்களே. எட்டு வீட்டில் ஐந்து வீடு ஏற்கெனவே கைமாறிவிட்டது. மாட வீதி மாமா வீடும் போனது. புது பிசியோவுக்கு மகன் 'சூப்பர்' சொல்லிக்கொண்டிருப்பார்.

பெல்ட்டால் வந்தது வலியைவிட மோசமான ஒன்று, பயம். குனிய பயம், தும்ம பயம், லஸ் பக்கம் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டி குதித்தால் பயம். இடுப்பை இரும்புப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் அம்மா கோலம் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அப்போது அம்மாவுக்கு 57 வயது. முட்டியை மடக்காமல், இடுப்பில் மடங்கி, மார்கழியில் முக்கால் மணி நேரம். பிசியோ பாடப்புத்தகத்தில் சிவப்பு பெருக்கல் குறி போட்டிருக்கும் அதே நிலை. அம்மாவுக்கு ஒரு நாளும் இடுப்பு வலித்ததில்லை. தினமும் செய்வதால் அந்த முதுகு அதற்குப் பழகியிருந்தது. குனியாமலே வைத்திருந்த மகளின் முதுகு கீழே விழுந்த சாவியை எடுக்கவும் அழுதது.

அவளை எழுப்பியது ஒரு சீனியர் அக்கா, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2020 ஜனவரியில் வீட்டுக்கு வந்தவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. டாப்ஸுக்கு மேலே தடவிப் பார்த்து, "இதைக் கழட்டு" என்றார். "உன் பேஷண்ட்டா இருந்திருந்தா மூணாம் நாளே நடக்க வெச்சிருப்பே. உனக்குன்னு வந்தா மட்டும் என்னடி?" பதில் இல்லை. அன்று சாயங்காலமே லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு அழைத்துப் போனார். ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்ச் வரை, உட்கார், எழு, அடுத்த பெஞ்ச். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கி, பிறகு மெட்ராஸுக்குக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர்தான் அந்தப் பூங்காவுக்கு. அம்மா தேய்த்த தைலத்தால் முடியாததை அவர் பூங்கா செய்ததாக அவள் சொல்லிக்கொள்வதுண்டு.

நடை இருபது நிமிஷத்துக்கு வந்தபோது மார்ச் ஊரடங்கு. பூங்கா மூடியது, நடை மொட்டை மாடிக்கு மாறியது. பாரம் தூக்கிப் பழக ஜிம் இல்லை. வாசலில் தண்ணீர்க் கேன் இருந்தது. இருபது லிட்டர் கேனில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஸ்டூல் மேலிருந்து எடுத்து வைத்தாள். எட்டு தடவை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு லிட்டர் கூட்டினாள். பிறகு ஸ்டூலை எடுத்துவிட்டுத் தரையிலிருந்து. வலித்தது. மறுநாள் கூடாமல் இருந்தால் தொடர்ந்தாள், கூடினால் ஒரு படி இறங்கினாள். ஆகஸ்டில் முழுக் கேன். கேன் போடும் பையன், "அக்கா, நான் வெக்கிறேன்" என்று வந்தால் இன்றைக்கும் விடுவதில்லை.

முதுகு வலி வந்தது அவள் ஒருத்திக்கு மட்டும் அல்ல என்று காட்ட இரண்டு எண்கள். 1985-இல் மாலம்ஃபி குழு அமெரிக்க பிசியோக்களிடம் கேட்டபோது, வேலையால் இடுப்பு வலி வந்ததாக நூற்றுக்கு 29 பேர் சொன்னார்கள், பெரும்பாலும் இருபதுகளில், வேலைக்கு வந்த முதல் சில வருஷங்களிலேயே. 2000-இல் ஆஸ்திரேலியாவில் கேட்டபோது, உடம்பு வலியால் வேறு பிரிவுக்கு மாறியவர்களும் தொழிலையே விட்டவர்களும் சேர்ந்து ஆறில் ஒருவர். தூக்குவது எப்படி என்று தெரிந்தவர்கள்தான் எல்லோரும். முட்டியை மடக்கித் தூக்கு என்று வகுப்பெடுப்பதால் மட்டும் முதுகு வலி தடுக்கப்படுவதில்லை என்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மார்ட்டிமோ குழு எழுதியது. இன்னமும் மருத்துவமனைகளில் அந்த வகுப்புதான் நடக்கிறது. ஹாய்ஸ்ட் வாங்குவதைவிட வகுப்பு மலிவு.

அதனால் அவள் இப்போது முறை சொல்லித் தருவதில்லை, நிபந்தனை போடுகிறாள். முதல் நாளே கட்டிலைப் பார்ப்பாள். மயிலாப்பூர் வீடுகளில் கட்டில் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தால் நோயாளியின் முட்டி இடுப்பைவிட மேலே போய்விடும், எழுப்புகிறவருக்குப் பாரம் கூடும். தச்சரிடம் சொல்லி நடுவில் குழி எடுத்த மரக்கட்டை நாலு செய்து காலுக்கு அடியில் வைக்கச் சொல்வாள். "தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில்மா" என்று இழுப்பார்கள். கட்டை வராமல் இரண்டாம் நாள் வருவதில்லை. நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பெல்ட்டை, இரண்டங்குல கேன்வாஸ் நாடா வாங்கி மந்தைவெளி டெய்லரிடம் இரட்டைத் தையல் போட்டு வைத்திருக்கிறாள். அக்குளில் கை கொடுப்பது அன்றோடு சரி. கமோடு நாற்காலியின் சக்கரப் பூட்டைத் தானே காலால் அழுத்திப் பார்ப்பாள்.

முக்கியமானது இரண்டாவது ஆள். அட்டெண்டரோ, மருமகளோ, வாட்ச்மேனோ, யாராவது ஒருவர் கூட நிற்காமல் எழுப்ப மாட்டாள். பங்குனியில் கபாலி கோயில் அதிகார நந்தி புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சீர்பாதம் தாங்கிகள் எல்லோருடைய தோளும் தண்டுக்கு அடியில் சேர்ந்த பிறகுதான் சாமி எழும்புவார். ஒருத்தர் வேட்டி கட்டப் போயிருந்தால் சாமியும் காத்திருப்பார். இந்த நிபந்தனையால் மூன்று வீடு போனது. "மத்தவங்க தனியாவே தூக்கறாங்களே" என்றார் ஒரு வீட்டுக்காரர். தூக்கட்டும். அவர்களுடைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை ஒரு நாள் கொண்டுவருவார்கள், அப்போது லேமினேட் பட்டியலைக் காட்டுவாள்.

ஒரு விஷயத்தில் அவளுக்கும் கை கூசுகிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை போன்றவை வேண்டியவை. ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடுப்பு பெல்ட் வேண்டாதவை. படித்துவிட்டு, மந்தைவெளியில் தான் புதிதாகத் திறந்திருந்த பத்துக்குப் பன்னிரண்டு கிளினிக்கைச் சுற்றிப் பார்த்தாள். கடனில் வாங்கியவற்றில் பாதி அந்த வேண்டாதவை பட்டியலில் இருந்தது. அல்ட்ராசவுண்டை விற்றுவிட்டாள். டென்ஸ் என்கிற கரன்ட் பெட்டி இருக்கிறது. கரன்ட் வைக்காமல் எக்சர்சைஸ் மட்டும் சொன்னால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார், அங்கே கரன்ட் மட்டும் வைத்து எக்சர்சைஸே சொல்லாமல் அனுப்புகிறார்கள். பத்து நிமிஷம் கரன்ட் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நடையைப் பற்றிப் பேசலாம் இல்லையா? இப்படித்தான் அவள் சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். சீனியர் அக்கா இதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

2024 செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினம். அந்த வருஷம் உலகம் முழுக்க எடுத்துக்கொண்ட பொருளே இடுப்பு வலிதான். தி. நகர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, நர்ஸுகளுக்கும் பிசியோக்களுக்கும் பேச வேண்டுமாம். "எங்க பழைய ஸ்டாஃப்" என்று அறிமுகப்படுத்தினார்கள். மேடைக்கு ஒரு இருபது லிட்டர் கேன் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தாள். "கேன் எல்லாம் வேண்டாம் மேடம், யாருக்காவது இடுப்பு பிடிச்சுக்கிட்டா பிரச்சினை" என்றார் நிர்வாகத்துக்காரர். கேன் இல்லாமலே பேசினாள். இ.எஸ்.ஐ. பற்றிப் பேசியபோது முன் வரிசையில் ஒருவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். பின் வரிசையில் இரண்டு பெண்கள் எழுதிக்கொண்டார்கள்.

முடிந்ததும் பொன்னாடை, நினைவுப் பரிசு. வீட்டுக்கு வந்து பார்த்தால் மருத்துவமனையின் முத்திரை போட்ட பெட்டிக்குள் ஒரு இடுப்பு பெல்ட், லார்ஜ் சைஸ். இன்னும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. மழைக் கோட்டு வைக்க இடமில்லை.